மூன்றாவது வளைவு

அன்பு மகளுக்கு,

அத்தை வீட்டில் நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சாப்பிடு.

தேசியப் பட்டத்துக்கு இன்னும் ஒரே கார் பந்தயம்தான் பாக்கி. புள்ளிகளில் நீதான் முதலிடம், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராக்கிங்ஹாம் பந்தயத் தடத்தில் உன் காரை உன் தம்பி லான்னி ஓட்டுவான். கார்க் கதவிலிருந்த உன் பெயரை நானே அழித்துவிட்டேன்.

மெக்கானிக் ஹாய்ட் அழிக்க மறுத்துவிட்டான். "சீசன் பூரா அந்தப் பொண்ணு ஜெயிச்சுக் குடுத்த வண்டி இது, முதலாளி," என்றான்.

"வண்டி என்னுது. பொண்ணும் என்னுது," என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

உனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை இருக்கிறது. லான்னிக்கு இதை விட்டால் வேறொன்றும் தெரியாது.

பயிற்சியில் அவன் இரண்டு முறை சுவரில் உரசிவிட்டான். மூன்றாவது வளைவில் நீ எங்கே பிரேக் பிடிப்பாய் என்று கேட்கிறான். சனிக்கிழமைக்குள் எழுதி அனுப்பு. கொஞ்சம் தெளிவாக எழுது.

உன் நலம் விரும்பும்
அப்பா