விண்ணப்பத்தின் முதல் வரி

அலெக்சாண்டிரியா
28 ஜூலை 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

ராவ்யா எழுதுவது. நாங்கள் நலம். குவைத் வெயிலில் கிரேன் கூண்டுக்குள் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் கவலை.

பள்ளி இறுதித் தேர்வில் எண்பத்தாறு சதவீதம். இன்ஜினியரிங் கிடைக்கும். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஆறு மாடிக்கும் ரோஜா சர்பத் கொடுத்துவிட்டாள்.

ஆனால் அப்பா, லிஃப்ட் பழுதுபார்க்கும் ஜிர்கிஸ் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறார். போன மாதம் நம் கட்டட லிஃப்டில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டேன். கோளாறு எங்கே என்று உள்ளிருந்தே கத்திச் சொன்னேன். "என் ஆளுங்க மூணு வருஷமா கண்டுபிடிக்காததைப் பூட்டின கூண்டுக்குள்ள நின்னு சொல்றியே, பொண்ணே!" என்றார். எனக்குப் போக ஆசை. "ஆறு மாடியும் சர்பத் குடிச்சாச்சுடி, இனிமே பேச்சே இல்ல" என்கிறாள் அம்மா.

உங்கள் சம்மதம் இல்லாமல் போகமாட்டேன். கல்லூரி விண்ணப்பத்துக்கு ஆகஸ்ட் இருபது கடைசி நாள்.

உங்கள் மகள்,
ராவ்யா


குவைத்
8 ஆகஸ்ட் 1988

என் கண்ணே ராவ்யா,

உன் கடிதத்தைச் சர்பத் வரை மூன்று முறை படித்தேன். லிஃப்ட் பகுதியை ஒரு முறை. அதுவே அதிகம்.

பதினோரு வருடமாக இன்ஜினியர்கள் கீழே நின்று கத்துகிறார்கள். நான் மேலே உட்கார்ந்து "சரிங்க" என்கிறேன். என் மகள் கத்துகிற பக்கம் நிற்க வேண்டும்.

எங்கள் இன்ஜினியர் ஷெரீஃப் சார் மினியா ஊர் இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர். "ஷெஹாத்தா, பொண்ணு எங்க காலேஜுக்குத்தானே வருது?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். இல்லையென்று எப்படிச் சொல்வது? வார்த்தை கொடுத்துவிட்டேன். மரியாதைக்கு விண்ணப்பத்தில் மினியாவை முதல் வரியில் எழுது, அலெக்சாண்டிரியாவை இரண்டாவதாக. பயப்படாதே, உள்ளூர்ப் பெண்ணை உள்ளூரில்தான் போடுவார்கள்.

உன் அப்பா,
ஷெஹாத்தா


அலெக்சாண்டிரியா
2 செப்டம்பர் 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

சொன்னபடியே எழுதினேன். மினியா கிடைத்துவிட்டது.

என் மதிப்பெண்ணுக்கு உள்ளூர்க் கல்லூரியே கிடைத்திருக்கும், டிராமில் இருபது நிமிடத்தில் போய்வந்திருக்கலாம். உங்களுக்காகப் போயுமிருப்பேன். இனி ரயிலில் எட்டு மணி நேரம். "முதல் வரியில என்ன கேட்டியோ அதைத்தானம்மா கொடுத்தோம்" என்கிறார் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்து ஆள். "உங்கப்பாவுக்கு மரியாதை காட்ட எம் பொண்ணுதான் கிடைச்சாளா?" என்று சொல்லிவிட்டு அம்மா தன் பெட்டியையும் கட்டிவிட்டாள். என்னைத் தனியே அனுப்பமாட்டாளாம்.

இருபத்துநான்காம் தேதி சனிக்கிழமை ரயில். ஜிர்கிஸும் அன்றைக்குத்தான் வரச் சொல்கிறார். நான் எங்கே போகட்டும், அப்பா?

ராவ்யா


குவைத்
12 செப்டம்பர் 1988

என் கண்ணே,

ஷெரீஃப் சாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். "நெஜமாவே முதல் வரியில எழுதினீங்களா? சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டேன், ஷெஹாத்தா!" என்றார்.

பதினோரு வருடத்தில் நான் தூக்கிய சுமை எதையும் தப்பான இடத்தில் இறக்கியதில்லை. உன்னைத்தான் மினியாவில் இறக்கிவிட்டேன்.

அம்மாவைப் பெட்டியைப் பிரிக்கச் சொல். நீ ஜிர்கிஸிடம் போ. முழு மனதோடுதான் சொல்கிறேன். நாளைக்குத் திரும்பப் படித்தால் மனம் மாறிவிடும் என்று இன்றைக்கே தபாலில் போடுகிறேன்.

ஒன்று மட்டும். லிஃப்டின் மேல் ஏறுவதற்கு முன் மின்சாரத்தை உன் கையாலேயே நிறுத்து. நிறுத்தியாகிவிட்டது என்று வேறு யார் சொன்னாலும் நம்பாதே. சொல்பவர் இன்ஜினியராக இருந்தாலும்.

அப்பா