பயமல்ல, லித்தியம்

அக்கா,

உன் போன் அணைந்திருக்கிறது. அதனால் இதை உன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். உன்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும் தையல்கார அம்மாவைப் பற்றி நேற்று என்ன சொன்னாய்? "அவங்களால ஊசியில நூல் கோக்க முடியலடா, அப்படிக் கை நடுங்குது. அடக்கி வெச்ச பயம் வெளிய வருது." என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். "லித்தியம், மனநிலை ஏறி இறங்காம இருக்க. அதெல்லாம் டாக்டர் பாடு, எனக்கெதுக்குடா?" என்றாய்.

எதுக்கா? ரத்தத்தில் அளவு கொஞ்சம் ஏறினாலே அது விஷம். கை நடுங்கும், கால் தள்ளாடும், வாந்தி வரும். சில வலி மாத்திரைகள் அதை ஏற்றிவிடும். வேறென்ன சாப்பிடுகிறார் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உன் வரவேற்பில் இருக்கும் பெண் இப்போது சொல்கிறாள்: "அந்தத் தையல்கார அம்மா இன்னிக்கு வரலையாம் சார், காலையிலேருந்து வாந்தியாம்."

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஓடுகிறேன். இதைப் படித்ததும் அவருடைய டாக்டரைக் கூப்பிடு.

உன்னைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் நினைவு வந்தது. பத்து நாளைக்கு முன், கழுத்தில் அளவு நாடாவோடு, முட்டி வலி என்று என் மருந்துக் கடைக்கு வந்தவருக்கு அப்படி ஒரு வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். நானும் கேட்கவில்லை, அக்கா.

உன் தம்பி