கடாவுக்கு ஆறு முட்டை

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.

அன்புள்ள கௌரிக்கு,

முருகன் புண்ணியத்தில் எனக்குக் குறையொன்றும் இல்லை. உம்முடைய அக்கா இப்போது ஒருவரையும் பிடிக்காமல் நடக்கிறாவா? அவவைப் பார்க்க நீர் யாழ்ப்பாணம் போய் இரண்டு மாதமாகிறது. போனில் மகளின் பெயரை எடுத்தாலே துண்டித்துவிடுகிறீர். அதனால்தான் எழுதுகிறேன். கிழிக்கிறதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழியும்.

கந்தசஷ்டி மூன்றாம் நாள் காலை லக்‌ஷிகா எனக்குப் போன் எடுத்தாள். கிழக்கு லண்டனில் ஓர் ஆட்டுப் பண்ணையில் நிற்கிறாளாம். ஆறு முட்டையோடு உடனே வரட்டாம். விரதக்காரன் நான் முட்டை வாங்கினேன். பிள்ளை பசியில் நிற்கிறாளாக்கும் என்று அவித்து, மிளகும் உப்பும் தூவிக் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவள் தலையில் கை வைத்துவிட்டாள். "ஐயோ அப்பா, பச்சை முட்டையெல்லோ வேணும்! இது கடாவின்ரை விந்துக்கு!" என்றாள்.

அங்கே ஒரு கிழட்டுச் செம்மறிக் கடா படுத்திருந்தது. அந்த இனத்தில் இந்த நாட்டில் மிஞ்சியவை கொஞ்சமாம். தீராத நோய்; மூன்று மணிக்கு மருத்துவர் வந்து ஊசி போட்டு முடிக்கப்போகிறார். அதற்கு முன் விந்தை எடுத்து உறையவைக்க வேண்டும். மஞ்சட்கரு கலந்தால்தான் அது குளிரில் சாகாதாம். அவள் கொண்டுவந்த முட்டைகள் விழுந்து உடைந்துவிட்டன. நான் திரும்பவும் கடைக்கு ஓடினேன்.

பெட்டை ஆட்டைக் கண்டதும் கடா எப்படியோ எழும்பி ஏறியது. அவள் ஒரு ரப்பர்க் குழாயில் விந்தைப் பிடித்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவளோ சோறு வடிக்கிறவள் போல நிதானமாக நின்றாள். மஞ்சட்கருக் கலவையில் சேர்த்து, இரண்டு மணித்தியாலம் மெல்ல மெல்லக் குளிரவிட்டு, மெல்லிய குழாய்களில் அடைத்து, புகை பறக்கும் திரவ நைதரசனில் இறக்கினாள். பிறகு ஒன்றை இளஞ்சூட்டு நீரில் உருகவைத்து, என்னை மைக்ரஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். கௌரி, கல்லாய் உறைந்தவை உயிரோடு ஓடித்திரிகின்றன! அதற்குள் மருத்துவர் வந்து கடாவின் அலுவலை முடித்துவிட்டார்.

மெடிசினை விட்டுவிட்டு ஆடுமாடுகளின் விந்தை உறையவைக்கும் வேலைக்குப் போய்விட்டாள் என்று உம்மோடு சேர்ந்து நானும் கோபித்தவன்தான். மனோர் பார்க் கோயிலில் கேட்டவர்களுக்கு, மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று மழுப்பியிருக்கிறேன். சூரசம்காரத்தன்று உள்ளதைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தக் கைகளை நான் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

போன வியாழன் எட்டுச் செம்மறிகளுக்கு அந்த விந்தை ஏற்றியிருக்கிறார்கள். சினை பிடிக்குமோ என்று அன்றிலிருந்து பிள்ளைக்கு நித்திரை இல்லை.

அந்தக் கடா செத்த அன்று பண்ணையிலிருந்து என்னை வழியனுப்பும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: "அம்மாவுக்குச் சொல்லுவீங்களோ?"

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் அவள் உமக்குப் போன் எடுப்பதும், நீர் மணியை அடிக்க விடுவதும் எனக்குத் தெரியும். வாற ஞாயிறும் எடுப்பாள். மன்னிக்கச் சொல்லவில்லை. ஆடுகளுக்குச் சினை பிடித்துவிட்டதா என்று மட்டும் கேளும். முருகன் உமக்கு அந்த ஒரு கேள்வியைத் தரட்டும்.

உம்முடைய,
குலசேகரம்