இன்று நான் அப்பாவாக உட்கார்ந்தேன்

எலுமிச்சம்பழ வாசனை வந்ததும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன், நீதானோ என்று. நீ எப்படி வருவாய்? செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நம் அதே அறை. எதிரே பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி, குமட்டலுக்குப் பழத்தோலை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டிருந்தாள். நோய் திரும்பிவிட்டது என்று டாக்டர் சற்று முன்னால்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார். டீ வாங்கப் போயிருக்கும் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. "நானேதான் சொல்லணும் மேடம். வாயே வரல," என்றாள்.

என்னை முதலில் மேடம் என்று கேலி பண்ணியவன் நீ. நாவலூர் ஐடி ஆபீஸ்காரி நான், மொட்டைத்தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேன்சர் வந்த இளவட்டங்களுக்குச் சமாளிக்கக் கற்றுத்தரும் வகுப்பு. உங்கள் பிரச்சினையை ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார் கவுன்சலர். நாங்களெல்லாம் சாவு, எதிர்காலம் என்று அடுக்கினோம். மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டிய நீ, "பஸ்ஸுல வாந்தி வருது சார்" என்றாய். சிரித்தோம். அடுத்த வாரம் முன்சீட்டு, எலுமிச்சம்பழம், கேரிபேக் என்று நீ தெம்பாக வந்து இறங்கினாய். நாங்கள் இன்னும் எதிர்காலத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.

சொல்ல வராததை ஒத்திகை பார்த்துவிட்டுச் சொல் என்பார்கள் அங்கே. லீவு கேட்க எனக்குப் பயம். நீ என் மேனேஜராகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாய். "இன்னாம்மா, சும்மா சும்மா லீவு?" பாவி, அந்த மனுஷனை நீ பார்த்ததுகூட இல்லை, அச்சு அசல் அவரேதான்.

பிறகு ஒருநாள் என்னை உன் அம்மாவாக உட்காரச் சொன்னாய்.

"எம்மா, எனுக்கு இனிமே மருந்து கேக்காதாம்."

நான் உடைந்து அழுதேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மா அழாது மேடம். துன்னியாடான்னு கேக்கும். ஒழுங்கா கேளு." கேட்டேன். குரல் நடுங்காமல் வரும்வரை நீ திரும்பத் திரும்பச் சொன்னாய்.

மறுநாள் போன் பண்ணினாய். "துன்னியாடான்னு கேக்கல மேடம். மீன் ஆஞ்சிகினே இருந்துச்சு. ஆனா நான் முழுசா சொல்லிட்டேன்."

அதற்கப்புறம் நீ இருந்ததே கொஞ்ச நாள்தான். அந்த வகுப்பு உன்னைக் காப்பாற்றவில்லை, அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமையானால் வந்துவிடுகிறேன், இப்போது கற்றுத்தருபவளாக.

"உங்கப்பா என்ன செய்வாரு?" என்று அவளைக் கேட்டேன்.

"கத்துவாரு."

அவள் அப்பாவாக உட்கார்ந்து கத்தினேன். அவள் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே நின்றாள். மறுபடி கத்தினேன், மறுபடி நின்றாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. பழத்தை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனாள்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

"அப்பா, திரும்ப வந்திருக்காம்ப்பா. மறுபடி மருந்து ஏத்தணுமாம். ஏத்திக்கிறேன். நீ என்கூட இருப்பா."

அவர் கத்தவில்லை. டீ கிளாஸை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "டீ ஆறுது, குடிம்மா" என்றார். அந்தக் குரலை என்னால் எந்த ஒத்திகையிலும் கொண்டுவந்திருக்க முடியாது.

பழம் என் கைப்பையிலேயே இருக்கிறது. பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முழுசா சொல்லிட்டாடா.