இரங்கல் கூட்டத்தில் கேட்ட சிரிப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அங்கே சாப்பாடு தூக்கம் குறையாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். இந்த வரியை இன்னொரு தடவை படித்து மூச்சு விட்டுக்கொண்டு பிறகு மேலே படி. நேற்று நீ போன் செய்து அப்பா எங்கே என்று கேட்டபோது குளிக்கிறார் என்றேன். குளிக்கவில்லை, என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று கையை ஆட்டிவிட்டார். எனக்கும் இதைப் போனில் சொல்லப் போனால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீ என்னவோ ஏதோ என்று வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய். எதிர்வீட்டுத் தையல்காரியின் தம்பி நீ இருக்கும் ஊருக்கு வருகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவனுக்கு ஒரு வாய் காபியாவது கொடு, வாசலோடு அனுப்பிவிடாதே.

தலைவர் போய்விட்ட செய்தி உனக்கும் வந்திருக்கும். டிவியில் சொன்னதும் நம் தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிரே வருகிறவர் அழுகிற ஆளா சந்தோஷப்படுகிற ஆளா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்தார்கள். சலவைக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார், அவர் குடியிருக்கும் வீடு தலைவர் கொடுத்தது. மருந்துக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே உட்கார்ந்து யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார், வெளியே வரும்போது மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். உன் மாமாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பஸ் ஓட்டுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவனை வீட்டுக்கு அனுப்பியது அந்தத் தலைவர்தானே, அன்றைக்கு முகம் மழித்து இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசாதே என்று அதட்டினேன். அதற்கு அவன், “என் வேலை போனப்ப யாராச்சும் எனக்காக ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னாங்களாக்கா?” என்று கேட்டான். நானும் ஒரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன், குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடியதெல்லாம் போய் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது அவர் காலத்தில்தான். ஒரே அடுப்படியில் அக்கா அழுகிறாள் தம்பி சிரிக்கிறான், என்ன குடும்பமோ போ.

அப்பா மட்டும் எப்போதும் போல, ஸ்பீக்கருக்குக் கட்சி கிடையாது என்று சொல்லிவிட்டு வயர் சுற்றிக்கொண்டிருந்தார். இரங்கல் கூட்டத்துக்கு நம் மைக் செட்டைத்தான் கேட்டார்கள். தலைவர் ஆரம்பத்தில் தள்ளுவண்டி மேல் ஏறி நின்று பேசிய காலத்திலிருந்து அவருக்கு மைக் கட்டியவர் உன் அப்பா, அவரைத் திட்டிய கூட்டத்துக்கும் அதே மைக்கைத்தான் கட்டினார். அன்றைக்குக் காலையிலேயே ஏணியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நம் ஏணிதான், கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுகிற நெட்டையன், நீ குழந்தையாக இருந்தபோது உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடந்தவன். அவனுக்குத் தலைவர் என்றால் உயிர். அழுதுகொண்டே கம்பம் ஏறினானாம், கண்ணைத் துடைக்கக் கையை எடுத்துத் தொலைக்காதே என்று அப்பா கீழேயிருந்து கத்தினாராம்.

இனிமேல் நடந்ததை எப்படி எழுதுவது. நீ சின்ன வயசில் கடையில் ரிப்பேருக்கு வந்த மைக் முன்னால் உட்கார்ந்து, உன் குரல் மூலையில் இருந்த பெட்டியிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாயே, அப்பா அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு எங்கே செட் கட்டினாலும் அதைப் போட்டுத்தான் சோதிப்பார், நீ மறந்திருக்க மாட்டாய். அந்தச் சிரிப்பில் கீச்சென்று ஏறுகிறதும் இருக்கிறது, கடகடவென்று உருளுகிறதும் இருக்கிறது, எந்த ஸ்பீக்கர் பழுது என்று அதிலேயே தெரிந்துவிடும் என்பார். உண்மையில் மைக்கில் ஒன்று இரண்டு சொல்ல மனிதருக்குக் கூச்சம், அது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நீ அழுதபோதாவது விட்டிருக்கலாம், கேட்டாரா. நம் பக்கத்து ஜனங்களுக்கு அது பழகிய சத்தம், உன் சிரிப்பு கேட்டால் கூட்டம் ஆரம்பிக்கப் போகிறது என்று நாற்காலி பிடிக்கக் கிளம்புவார்கள். அன்றைக்கு வந்திருந்ததோ எங்கெங்கிருந்தோ லாரியிலும் பஸ்ஸிலும் வந்த கூட்டம். அவர் வயரை மாட்டினார், கை பழக்கத்தில் பொத்தானை அழுத்தினார். மைதானம் முழுக்க ஆட்கள் விம்மிக்கொண்டிருக்கிறார்கள், மேடையில் அவ்வளவு பெரிய படம், எல்லா ஸ்பீக்கரிலும் ஒரு குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிறது. அப்பா பதறிப்போய் நிறுத்துவதற்குள் மேலே வந்து விழுந்துவிட்டார்கள். ஏணி கம்பத்திலிருந்து சறுக்கி வந்து குறுக்கே நின்றிருக்காவிட்டால் நான் இன்றைக்கு உனக்கு என்ன எழுதிக்கொண்டிருப்பேனோ. அப்பா நெற்றியில் ஒரு வெட்டு, தையல் போடவில்லை, கட்டு மட்டும்தான், ஆறிக்கொண்டு வருகிறது. ஸ்பீக்கரையும் பெட்டியையும் போட்டு உடைத்துவிட்டார்கள், அது கிடக்கட்டும்.

அடித்தவர்களையாவது புரிந்துகொள்ளலாம். மறுநாள் மாமாவுக்குத் தெரிந்தவர்கள் என்று நாலைந்து பேர் வீட்டுக்கே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, “அண்ணே, நாங்க மனசுக்குள்ள சிரிச்சதை நீங்க மைக் போட்டுச் சிரிச்சுட்டீங்க” என்று சொன்னார்களே, அப்போதுதான் நான் நிஜமாகவே பயந்துபோனேன். தெரியாமல் நடந்தது என்று அப்பா சொல்லச் சொல்ல, புரியுதுண்ணே புரியுதுண்ணே, நீங்க அப்படித்தான் சொல்லணும் என்று கண்ணடித்துவிட்டுப் போகிறார்கள். கதவைத் தாழ் போட்டுவிட்டு மாமாவை வாயில் வந்தபடி திட்டினேன். அவன் அன்றிலிருந்து காவலுக்கு நம் வாசலில்தான் படுக்கிறான்.

இதற்குள் யாரோ மைதானத்தில் எடுத்த வீடியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தையல்காரி போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, “அக்கா, இது நம்ம பாப்பா சிரிப்புல்ல?” என்று காதோடு கேட்டாள். அழுகிறவர்கள் அதைக் காட்டித் திட்டுகிறார்கள், சந்தோஷப்படுகிறவர்கள் அதைப் போட்டுப் போட்டுச் சிரிக்கிறார்கள், சில பேர் அதற்குப் பாட்டெல்லாம் சேர்த்திருக்கிறார்களாம். இந்தச் சிரிப்பு யாருடையது என்று கட்சிக்காரர்கள் துருவித் துருவிக் கேட்கிறார்கள், வேண்டுமென்றே யாரோ குழந்தையைச் சிரிக்க வைத்துத் தயார் செய்தார்கள் என்று அவர்கள் நினைப்பு. கை நிறைய மோதிரம் போட்ட ஒருவர், அவர்தான் தலைவர் கட்சியில் இங்கே பெரிய ஆள், கடைக்கே வந்து முதலில் ஏணியைத்தான் பிடித்துக்கொண்டார். எனக்கு உயிரே இல்லை. அவன் உன் அப்பாவோடு பேச்சையே நிறுத்தியிருந்தான், அந்த நாளில் என் தலைவனைப் பார்த்துச் சிரிக்க விட்டுட்டியே என்று முகம் கொடுக்காமல் இருந்தவன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “தெரியாதுங்க, அது கடையில விக்கிற பதிவு, எங்கயோ வாங்கினது” என்று சொல்லிவிட்டான். சலவைக் கடைக்காரரைக் கேட்டார்கள், தெரியாது என்றார். மருந்துக் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். தெருவில் உன் சிரிப்பைத் தெரியாதவர் யார் சொல்லு.

மோதிரக்காரர் மரியாதையாகத்தான் பேசினார், பொய் சொல்லக் கூடாது. வேண்டுமென்று செய்யவில்லை என்றால் அந்தப் பதிவை எங்கள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், விஷயம் இத்தோடு முடிந்தது, நான் பொறுப்பு என்றார். அப்பா மேசை டிராயரிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். அதைத் தரையில் போட்டுச் செருப்புக் காலால் மிதித்துவிட்டு, போனவர் வாசலில் திரும்பி நின்று, காயத்துக்கு மருந்து போடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய கேசட்டு நாடா சிக்கி என்றைக்கோ குப்பைக்குப் போய்விட்டது உனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை வேறு எங்கேயாவது வைத்திருக்கிறீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். இல்லை என்றார்.

விஷயம் முடிந்தது என்று அவர் சொன்னாலும் எனக்கு முடியவில்லை. வாசலில் வண்டி நின்றால் பால்காரரா வேறு யாராவதா என்று ஜன்னல் ஓரமாகப் பார்க்கிறேன். நீ இப்போது புறப்பட்டு வராதே, லீவு கிடைத்தாலும் வராதே. ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை பார்க்கிறவர்களில் நம் ஊர்க்காரர்கள் யாராவது அந்த வீடியோவைக் காட்டினால், இது நான்தான் என்று வாய் தவறியும் சொல்லிவிடாதே, அவர்கள் எந்தப் பக்கம் என்று உனக்கு எப்படித் தெரியும். பதிலுக்கு எங்கேயும் எதையும் எழுதவும் வேண்டாம், உன் கோபம் எனக்குத் தெரியும், அது உன் அப்பா வழி இல்லை, என் வழி.

இன்று மதியம் சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனேன், அப்பாவைக் காணோம். கடையின் பின்பக்கத்தில் உடைந்த பெட்டிகளுக்கு நடுவே, என் போனைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல்காரியிடம் கேட்டு அந்த வீடியோவை அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஜனங்கள் கத்துவதற்கு முன்னால் கொஞ்சம் சிரிப்பு தனியாகக் கேட்கிறது, அது வரைக்கும் ஓடவிட்டு மறுபடி முதலிலிருந்து வைக்கிறார். அதன் கீழே அந்தக் குழந்தையைப் பற்றி யார் யாரோ எழுதியிருப்பதை என்னால் இங்கே எழுத முடியாது, இப்படிச் சிரிக்கிறது இருக்கவே கூடாது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள், அதற்குக் கும்பிடுகிற கை பொம்மை போட்டு ஆமோதிப்பு வேறு. அப்பா என்னைப் பார்த்ததும், “சத்தம் மட்டும்தான் கேக்கறேன்” என்றார். கட்டைவிரலால் அந்த எழுத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல், மனசு கோணாமல் இருக்க வேண்டும், இதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். ராத்திரி வேலை முடிந்து தனியாக நடக்காதே. அப்பாவிடம் பேசும்போது உனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, வழக்கம் போல அவரை வம்புக்கு இழு. அந்த வீடியோ உன் கைக்கு வந்தால் கேட்டுக்கொள், கீழே எழுதியிருப்பதைப் படிக்காதே.

இப்படிக்கு
எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா