ராய் ஹீக்கினெனைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வைக்கக் கோரி

அனுப்புநர்:
லோர்னா ஹீக்கினென்,
சதுப்புச் சாலை, ஹால்வர்சன் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வேட்டை உரிமப் பிரிவு, மாநிலத் தலைநகர்.

பொருள்: என் கணவரின் அண்ணன் ராய் ஹீக்கினெனுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பிலிருந்து அளிக்கப்பட்டுள்ள விலக்கை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மாவட்டத்தில் வேட்டை உரிமம் கேட்பவர்களுக்குத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சம்பளமில்லாமல் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவள் நான். இதில் தேறாதவருக்கு உரிமம் கிடையாது. ஆனால் சட்டம் குறித்த தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு வகுப்பே தேவையில்லை. என் கணவர் டேல் அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர், முறையாகத் தேறியவர். ராய் முன்பே பிறந்துவிட்டார். "சட்டத்துக்கே நான் மூத்தவன்டா, எனக்கு எவன் பாடம் எடுக்கிறது?" என்று ஒவ்வொரு மான் வேட்டைப் பருவத்திலும் தம்பியைச் சீண்டுவார். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

2. கடந்த நவம்பரில் வழக்கம்போல் இருவரும் மான் விரட்டப் போனார்கள். டேல் சதுப்புக்குள் நடந்து மான்களைக் கிளப்பிவிட வேண்டும். ராய் மறுமுனையில் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். புதருக்குள் ஏதோ அசைந்தது. கழுத்தில் பைனாகுலர் தொங்கிக்கொண்டிருக்க, ராய் துப்பாக்கியைத் தூக்கி அதன்மேல் பொருத்திய ஸ்கோப் என்ற குறிநோக்கி வழியாகப் பார்த்தார். கையுறை போட்ட விரல் விசையில் இருந்தது; குண்டு டேல் மேல் பாய்ந்தது. என்னவென்று பார்க்கப் பைனாகுலர்தான், ஸ்கோப்பில் பார்ப்பதென்றால் குறிவைப்பதென்றே பொருள்; இதை நான் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர் என்று தூரத்திலேயே தெரியும்படி டேல் ஆரஞ்சு மேலுடை போட்டிருந்தார். சட்டம் சொன்ன எல்லாவற்றையும் செய்திருந்தார்.

3. விபத்து என்று முடித்தார்கள். நானும் மறுக்கவில்லை. டேலின் அடக்கத்தன்று ராய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னன்னு பாக்கத்தான் தூக்கினேன் லோர்னா, சத்தியமா பாக்கத்தான்" என்று அழுதார். தாம் செய்த தவறு எது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

4. இந்த ஆண்டும் ராய் உரிமம் வாங்கிவிட்டார். விலக்கு செல்லும் என்று தங்கள் அலுவலகமும் எனக்குப் பதில் எழுதிவிட்டது. என் மகள் டெஸ்ஸாவுக்குப் பதின்மூன்று வயது. இந்த வசந்தத்தில் என்னிடமே படித்துத் தேறினாள். அவளிடம் ராய், "அப்பா எடத்துல நீ நட கண்ணு, பெரியப்பா அந்தப் பக்கம் நிக்கிறேன்" என்று பாசமாகத்தான் சொல்லியிருக்கிறார். அவளும் சரி என்றுவிட்டாள். நான் தடுத்தால், "எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். நடப்பவருக்குத் தெரிந்து என்ன பயன் ஐயா? டேலுக்கும் எல்லாம் தெரியும்.

5. சட்டத்தை மாற்றக் கேட்கும் தெம்பு எனக்கில்லை. பருவம் தொடங்குவதற்குள் இந்த ஒருவரை வகுப்புக்கு வரச்சொல்லி உத்தரவிடுங்கள். இங்கே வேறு ஆசிரியர் இல்லை, நானே எடுக்கிறேன். மாணவர்களுக்குக் காட்ட ஒரு புதிய ஆரஞ்சு மேலுடை வைத்திருக்கிறேன். விசாரணை முடிந்து ஷெரிஃப் திருப்பிக் கொடுத்த டேலின் மேலுடையும் வீட்டில் இருக்கிறது. ராய் வந்தால் அதைத்தான் எடுத்துப் போவேன்.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
லோர்னா ஹீக்கினென்

இடம்: ஹால்வர்சன்
தேதி: 21 அக்டோபர் 2019