ஆற்றைக் கடந்தது யார்?

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. காலில் கட்டுப் பிரித்துவிட்டார்களா? நானும் உன் மாமாவும் நலம். இதைத் தபாலில் போடவில்லை. விடுமுறை முடிந்து திரும்பும் உன் படைத்தோழர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ போட்ட கடைசி இரண்டு கடிதங்களும் யாரோ பிரித்து மறுபடி ஒட்டியது போல வந்தன.

உனக்கு வீரப்பதக்கம் என்றதும் தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. மாமா வாங்கி வந்த இனிப்பு வாசலிலேயே தீர்ந்துபோனது. எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை.

பாராட்டுரை எங்கள் அச்சகத்துக்கே வந்தது. பிழை பிடிப்பதுதானே என் பிழைப்பு, மூன்று முறை படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. குண்டுமழைக்கு நடுவே, அடிபட்ட அதிகாரியை முதுகில் சுமந்து நீ ஆற்றை நீந்திக் கடந்தாயாம். குளத்தில் கணுக்கால் நனைந்தாலே என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறவன் நீ. படையில் நீச்சல் கற்றுக்கொண்டிருப்பாய் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாளே படை அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் வந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. நினைவு மலருக்கு உன் பழைய கடிதங்கள் வேண்டுமாம். ஆற்றைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று பேச்சோடு பேச்சாக இரண்டு தரம் கேட்டார். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை உன் சிநேகிதன் மனைவி அச்சகத்துக்கு வந்தாள். தண்ணீரில் இறங்கினால் கரையேற மாட்டான், அதனால் விலாங்கு என்று பெயர் வைத்தோம் என்று எழுதியிருந்தாயே, அவன் மனைவிதான். நீ ஆற்றைக் கடந்த அதே நாளில் அவன் படையை விட்டு ஓடிவிட்டதாக அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். அவள் அழவில்லை. "அவரு ஓடுற ஆளான்னு தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்கக்கா. வேற யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்" என்றாள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சுமந்தவன் அவனா? மற்றவர்களைக் கூட்டிவர மறுபடி நீந்திப் போனவனை அக்கரையிலேயே விட்டுவிட்டு வந்ததை மறைக்கத்தான் ஓடிப்போனான் என்று எழுதினார்களா? நீ மயக்கத்தில் கிடந்திருக்கலாம். மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். இருபத்திரண்டு வயதில் பயப்படாதவன் யார்? அக்கா கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பதக்கம் குத்தும் நாளுக்கு முன்னால் அவளுக்கு ஒரு வரி எழுது. உன் கையாலேயே எழுது. பதக்கம் இல்லாமல் வந்தாலும் நீ என் தம்பிதான்.

நீ நூறு வயது வாழ வேண்டும். படுத்ததும் தூக்கம் வருகிற நூறு வயதாக அது இருக்க வேண்டும்.

உன் வரிக்காகக் காத்திருக்கும்,
அக்கா